உம்மா கண்டுபிடித்த கோளாறு



எங்கள் பாடசாலை விஞ்ஞானகூடத்து அலுமாரியில் பச்சை நிற இரும்புக் கோளம் ஒன்று இருக்கிறது. உரித்த தேங்காய் அளவு. நடுவால் அறுத்து இரண்டு பாதியாக வைத்திருக்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைக் கண்டால் "சேர், இது என்ன, குண்டா?" என்று கேட்காமல் போவதில்லை. அது ஒரு காரின் ஸ்பிரிங்.

ஒவ்வொரு வருடமும் உயர்தர வகுப்பில் போயிலின் விதியை முடித்த கையோடு அந்தக் கோளத்தை மேசையில் வைத்து ஒரு கேள்வி கேட்போம். "இதற்குள் இருக்கும் வாயுவில் பாதி கசிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் மென்மையாக ஓடுமா, கடினமாக ஓடுமா?"

வகுப்பில் அநேகமானோர் "மென்மையாக" என்றுதான் சொல்வார்கள். டயரில் காற்றுக் குறைந்தால் டயர் தளர்கிறது, பந்தில் காற்றுக் குறைந்தால் பந்து அமுங்குகிறது. பிள்ளைகளின் கணக்கு அது. விடை நேர் எதிர். கார் கல்லைப் போல் கடினமாகும். இந்த விடையை எங்களுக்கு முதலில் காட்டித் தந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எங்கள் உம்மா.

அந்தக் கதையை எழுதச் சொல்லிப் பழைய மாணவர் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்ற மாதம் பாடசாலை வேன் பற்றிப் பெற்றோருடன் பேச வேண்டி வந்தபோது, எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தோம். உம்மா, நானா, தம்பி என்று மூவரும் சேர்ந்த கதை என்பதால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மறுவருடம் நானா பிரான்சுக்குப் போனார். பாரிஸின் வடக்குப் புறநகரில் குடியேறினார். 2003 இல் அவருடைய மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு ரூவான் நகரில், பாரிஸிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர். சமாதான காலம், விசாவும் கிடைத்தது. 68 வயது உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். உம்மாவுக்கு முள்ளந்தண்டுத் தட்டு விலகி மூன்று வருடமாக முதுகு வலி. விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததே பெரிய சோதனை.

விமான நிலையத்துக்கு நானா காரோடு வந்திருந்தார். பழைய சிட்ரோன் பீ.எக்ஸ். வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. உம்மா ஏறுவதற்கு முன் எஞ்சினை இயக்கினார். நிலத்தோடு அமுங்கிக் கிடந்த கார் முதலில் பின்பக்கத்தை உயர்த்தியது, பிறகு முன்பக்கத்தை உயர்த்தியது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த உம்மா சிரித்துவிட்டார். "ஒட்டகம் எழும்புற மாதிரி எழும்புது, மகன்!"

நானாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பொறுங்க உம்மா, இனித்தான் இருக்கு. இதுதான் பிரான்ஸிலேயே மெத்தென்ற கார். இதில ஸ்பிரிங்கே இல்ல. எண்ணெயும் வாயுவும்தான்."

பெருந்தெருவில் ஒரு குறையும் இல்லை. புறநகருக்குள் நுழைந்து கல் பதித்த தெருவில் ஏறியதும் உம்மாவின் முகம் மாறியது. ஒவ்வொரு கல்லும் நேராக முதுகுக்குள் ஏறியது. வீட்டு வாசலில் இறங்கிய உம்மா சொன்ன முதல் வார்த்தை: "மகன், இது கார் இல்ல, மாட்டு வண்டி."

நானா சோர்ந்து போனார். நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தக் காரை ஓட்டுகிறவர் அவர். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அன்று முதல் தரம் ஏறிய உம்மாவுக்கு அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நானா ஒரு கடதாசியில் படம் கீறினார். எங்கள் தொழிலே பௌதிகவியல் படிப்பிப்பது. இருந்தும் போயிலின் விதி இப்படி ஒரு காரைச் சுமந்துகொண்டு ஓடுவதை அன்றுதான் அறிந்தோம்.

ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கோளம். உள்ளே நடுவில் ஒரு இறப்பர் மென்றகடு. அதற்கு மேலே நைதரசன் வாயு, கீழே எண்ணெய். சில்லு மேட்டில் ஏறினால் ஒரு முசலம் எண்ணெயைக் கோளத்துக்குள் தள்ளும். எண்ணெய் அமுங்காது, வாயு அமுங்கும். அமுங்கிய வாயு திருப்பித் தள்ளும். அதுதான் ஸ்பிரிங். கோளத்தின் கழுத்தில் சிறு துளையும் மெல்லிய தட்டுகளும் உண்டு. எண்ணெய் அதனூடாக நெருக்கியடித்துப் போய்வர வேண்டும். அதுதான் ஷொக் அப்சோபர். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அமுக்கம். இந்தக் கோளங்களில் அது பல பத்து பார். உள்ளே இருக்கும் வாயுவோ அரை லீற்றர் கூட வராது.

இத்தனை சிரமம் எதற்கு? சாதாரண உருக்கு ஸ்பிரிங் போடும்போது கார் செய்பவருக்கு ஒரு இக்கட்டு வரும். மென்மையான ஸ்பிரிங் போட்டால் ஒருவர் போகும்போது சுகம். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் நிலத்தில் உரசும். உரசாமல் இருக்கக் கடினமான ஸ்பிரிங் போட்டால், தனியே போகும்போது எலும்பு நோகும். எல்லோரும் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்று கொண்டார்கள்.

எண்ணெய் - வாயு முறையில் அந்த இக்கட்டு இல்லை. பாரம் கூடிக் கார் தாழ்ந்தால், உயரத்தைக் கவனிக்கும் ஒரு வால்வு திறந்து எண்ணெயை உள்ளே விடும். கார் பழைய உயரத்துக்கு வரும். பாரம் இறங்கினால் எண்ணெயைத் திருப்பி அனுப்பும். அதனால் ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கார் தாழாது. பாரம் கூடினால் வாயுவும் நெருங்கிக் கடினமாகும். வேண்டிய நேரத்தில் வேண்டிய கடினம்.

இப்போது வகுப்புக் கேள்விக்கு வருவோம். இறப்பர் என்னதான் இறுக்கமாக இருந்தாலும் நைதரசன் அதனூடாக வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாதி போய்விட்டது என்று வைப்போம். காரின் பாரம் குறையவில்லை. அந்தப் பாரத்தைத் தாங்க அதே அமுக்கம் வேண்டும். வாயு பாதி, அமுக்கம் அதே, ஆகவே கனவளவு பாதி. விட்டுப்போன இடத்தை எண்ணெய் நிரப்பிவிடும். கார் உயரத்தில் ஒரு விரல் அளவும் மாற்றம் தெரியாது. ஆனால் அமுங்கக்கூடிய வாயு பாதிதான் இருப்பதால் ஸ்பிரிங்கின் கடினம் இரு மடங்கு. இன்னும் கசிந்தால் இன்னும் கடினம். கடைசியில் எண்ணெய் மட்டும் மிஞ்சும். அப்போது கார் நிற்பது கல்லின் மேல்.

வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒட்டகம் வழக்கம்போல் எழும்பும். சுகம் மட்டும் போயிருக்கும். அதுவும் ஒரே நாளில் போகாது. நாளும் ஓட்டுகிறவர் அதோடு சேர்ந்து பழகிவிடுவார். நானாவின் காரில் நடந்தது அதுதான்.

இந்த முறை வந்த வழியையும் சொல்ல வேண்டும். சிட்ரோன் கம்பனிக்கு அப்போது பொறுப்பாக இருந்த பியேர் பூலான்ஜே, கிராமத்து விவசாயிகளுக்காக ஒரு மலிவான கார் கேட்டார். கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டை உடையக் கூடாது என்பது அவருடைய நிபந்தனைகளில் ஒன்று. 1948 இல் வெளிவந்த 2சீவீ என்ற சின்னக் கார் அப்படிப் பிறந்தது. அது வளைவில் படகு போலச் சாய்ந்தாலும் சில்லு ரோட்டை விடாது.

அதே கம்பனியில் போல் மஜேஸ் என்றொருவர் இருந்தார். பொறியியல் பட்டம் இல்லை. 1925 இல் 17 வயதில் வேலைக்குச் சேர்ந்து, தானாகக் கற்று மேலே வந்தவர். எண்ணெயையும் வாயுவையும் சேர்த்த இந்த முறை அவருடைய மூளையில் உதித்தது. 1954 இல் ஒரு பழைய மொடலின் பின் சில்லுகளுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார்கள். 1955 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் டீ.எஸ். 19 வந்தது. நான்கு சில்லுக்கும் இந்த முறை. பிரேக், ஸ்டியரிங் கூட அதே எண்ணெயின் பலத்தில். முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள் என்று சொல்வார்கள்.

சுகமான கார் என்றால் ஓட்டத்தில் தளர்வாக இருக்கும் என்று நினைக்கிறோம். டீ.எஸ். குடும்பக் கார்கள் மொன்டி கார்லோ ரலியை 1959 இலும் 1966 இலும் வென்றன. காரணம் எளிது. டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் பிடி. குண்டும் குழியுமான பாதையில் கடினமான கார் துள்ளும். துள்ளிய டயருக்குப் பிடியில்லை. மென்மையான கார் சில்லைப் பள்ளத்துக்குள் இறக்கி மேட்டில் ஏற்றி ரோட்டோடு ஒட்ட வைக்கும். 1962 ஓகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு அருகே பெத்தி கிளமாரில் ஜனாதிபதி டி கோல் போன டீ.எஸ். காரைச் சுட்டார்கள். இரண்டு டயர்கள் போன பிறகும் சாரதி காரைக் கையை விட்டுப் போகாமல் ஓட்டித் தப்ப வைத்தார். அந்தக் காரின் அமைப்புக்கும் அதில் பங்குண்டு என்று பிரான்சில் இன்றும் பேசுவார்கள்.

ஆக, சுகமும் கட்டுப்பாடும் எப்போதும் எதிரிகள் இல்லை. ஓரளவு வரை ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். அந்த அளவைத் தாண்டினால்தான் பகை. அதையும் நாங்கள் அந்தப் பயணத்திலேயே கண்டோம்.

உம்மா சொன்ன "மாட்டு வண்டி" நானாவை உறங்க விடவில்லை. நிக்காஹுக்கு இரண்டு கிழமை இருந்தது. கல்யாண மண்டபம் பார்க்க ரூவானுக்குப் போக வேண்டும். உம்மாவும் வருவேன் என்றார். நானா எங்கோ விசாரித்து இரண்டு கோளங்கள் வாங்கி வந்தார். "கூடுதல் சுகம்" என்று சொல்லி விற்றார்களாம். வாயுக் கனவளவு கூடியவை, கழுத்துத் துளையும் பெரியது. வேறு பாரமான மொடலுக்கு உரியவையாக இருக்க வேண்டும். கோளத்தைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. அமுக்கத்தை இறக்கிவிட்டுப் போத்தல் மூடி போலத் திருகிக் கழற்றலாம். பின்னுக்கு மட்டும் இரண்டையும் மாற்றினார். உம்மா பின் ஆசனத்தில்தானே இருப்பார். முன்னுக்கு மாற்றக் காசும் இல்லை, நேரமும் இல்லை.

கல் பதித்த தெருவில் ஓட்டிக் காட்டினார். உம்மாவின் முகம் மலர்ந்தது. "இப்ப சரி மகன். தொட்டில் மாதிரி." நானாவின் கண் கலங்கியதைப் பார்த்தோம். பன்னிரண்டு வருடம் தாயைப் பிரிந்திருந்த பிள்ளை. அந்தத் தாய்க்குச் செய்யக் கிடைத்த ஒன்றைச் செய்துவிட்ட நிம்மதி அது.

ரூவானுக்குப் போகும்போதே உம்மா கொஞ்சம் அடங்கிப் போயிருந்தார். பாதி வழியில், "தலைமன்னார்ல இருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல்ல போன மாதிரி இருக்கு. வயித்தைப் பிரட்டுது" என்றார். அதற்கும் காரணம் உண்டு. ஒரு விநாடியில் நான்கு முதல் எட்டுத் தரம் வரும் அதிர்வுதான் இருக்கும் உடம்பை அதிகம் வதைப்பது. உம்மாவின் முதுகைக் கொன்றது அந்த வகை. மிக மெதுவான ஆட்டம், ஐந்து விநாடிக்கு ஒரு தரம் போன்றது, முதுகை ஒன்றும் செய்யாது. வயிற்றைப் பிரட்டும். ஒன்றிலிருந்து தப்ப எல்லை மீறி ஓடினால் மற்றதை நோக்கிப் போகிறோம்.

திரும்பி வரும்போது மழை. ஏ13 பெருந்தெரு. வேகம் நூறுக்குக் கிட்ட. முன்னால் லொறி ஒன்றின் டயர்ப் பட்டை கழன்று வழியில் நீளமாகக் கிடந்தது. நானா இடப்பக்கம் ஒடித்து உடனே வலப்பக்கம் திருப்பினார். முன்பக்கம் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. அது இடப்பக்கத் திருப்பத்துக்கே இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது. பிறகு இன்னொரு தரம். மூன்று தரம் வால் ஆடியது. பக்கத்து வாகனம் ஒன்றின் ஹோர்ன் சத்தம் காதை அடைத்தது. உம்மா "யா அல்லாஹ்" என்று எங்கள் கையைப் பிடித்தார். கார் நேரானது. அல்ஹம்துலில்லாஹ், எதிலும் படவில்லை.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினோம். நானா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. உம்மாதான் பேசினார்: "எனக்கு முதுகு நொந்தா நொந்துட்டுப் போகட்டும், மகன். நீ பிடிச்சா நிக்கிற மாதிரி ஓட்டு. ரெண்டு கிழமையில பிள்ளைக்குக் கல்யாணம்."

மறுநாள் நானா பள்ளிவாசலில் பழகிய ஒரு முதியவரிடம் போனோம். மொரோக்கோக்காரர். இந்த வகைக் கார்களிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற மெக்கானிக். எஞ்சினை இயக்க விட்டு, பம்பரின் ஒரு மூலையில் கையை வைத்து அமுக்கினார். முன்பக்கம் அசையவில்லை, சுவரை அமுக்குவது போல இருந்தது. பின்பக்கம் தாழ்ந்து, எழுந்து, மறுபடி தாழ்ந்து, மறுபடி எழுந்தது. அவர் நானாவைப் பார்த்துக் கேட்டார்: "பின்னால் யார் இருக்கிறார்?"

"உம்மா."

"பின்னால் இருப்பவருக்கு மட்டும் காரைச் சரிசெய்ய முடியாது."

பிறகு நின்றபடியே படிப்பித்தார், நானா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டோம். முன்பக்கக் கோளங்களில் வாயு போய்விட்டது, அதனால் முன்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே திரும்பும். பின்பக்கம் அளவுக்கு மிஞ்சிய மென்மை, துளையும் பெரிது. அது மெதுவாகச் சாயும், மெதுவாக மீளும், ஆட்டம் அடங்காது. ஒரே காருக்கு இரண்டு குணம். நேர் பாதையில் தெரியாது. அவசரத்தில் திருப்பும்போது முன்பக்கம் ஒன்று சொல்லும், பின்பக்கம் வேறொன்று செய்யும். கம்பனி ஒவ்வொரு மொடலுக்கும் முன்னுக்கு ஒரு அமுக்கம், பின்னுக்கு ஒரு அமுக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை அளவு என்று வைத்திருப்பது வீணுக்கு இல்லை. எஞ்சின் பாரம், பின்னால் ஏறும் ஆட்கள், சாய்வைத் தடுக்கும் இரும்புத் தண்டின் தடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வைத்த கணக்கு. துளை சிறிதானால் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வரும். பெரிதானால் கார் மிதக்கும்.

இன்னொன்றும் சொன்னார், எங்களை அது வியக்க வைத்தது. இந்தக் காரில் பின் பிரேக்குக்குப் போகும் பலம் பின் சஸ்பென்ஷனின் எண்ணெயிலிருந்தே வருகிறது. பின்னால் ஆள் ஏறினால் அந்த எண்ணெயின் அமுக்கம் கூடும், பின் பிரேக்கும் தானாகவே பலமாகும். ஆள் இல்லையென்றால் குறையும், சில்லு வழுக்காது. "எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கார் இது. ஓரிடத்தில் கை வைத்தால் எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும்."

இந்தச் சமநிலைக்காகக் கம்பனியே எவ்வளவு பாடுபட்டது என்பதைப் பிறகு வாசித்து அறிந்தோம். 1989 இல் வந்த எக்ஸ்.எம். காரில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக மேலதிகக் கோளம் வைத்தார்கள். நேரே போகும்போது அதுவும் சேர்ந்து வேலை செய்யும், கார் மெத்தென்று ஓடும். சாரதி ஸ்டியரிங்கைத் திடீரென்று திருப்பினாலோ, பிரேக்கை மிதித்தாலோ, கணினி அதை உணர்ந்து அந்தக் கோளத்துக்கான வழியை மூடிவிடும். அந்தக் கணமே கார் இறுகும். உம்மாவுக்கு வேண்டிய காரும் நானாவுக்கு வேண்டிய காரும் ஒன்றுக்குள் இருந்தன.

1990களின் நடுவில் வந்த சான்டியா அக்டிவா இன்னும் ஒரு படி மேலே போனது. வளைவில் கார் சாயும்போது எண்ணெயின் பலத்தால் எதிர்ப்பக்கம் தள்ளி, சாய்வை ஒரு பாகைக்குள் அடக்கியது. மொத்தம் பத்துக் கோளங்கள். சுவீடன் சஞ்சிகை ஒன்று, வழியில் திடீரென மான் வந்தால் விலகித் திரும்புவது போன்ற ஒரு சோதனை வைக்கும். எங்களுக்கு ஏ13 இல் நடந்ததும் அதுவேதான். 1999 இல் அந்தச் சோதனையை அக்டிவா 85 கிலோமீற்றர் வேகத்தில் முடித்தது. விலை உயர்ந்த ஓட்டப் பந்தய வகைக் கார்களும் நீண்ட காலம் அதை எட்டவில்லை.

இவ்வளவும் இருந்தும் 2010களின் நடுப்பகுதியோடு இந்த முறை ஐரோப்பாவில் நின்றுபோனது. செலவு, சிக்கல், கவனிப்பு. சாதாரண ஸ்பிரிங்கும் மின்கட்டுப்பாட்டு ஷொக்கும் மலிவாக அதற்குக் கிட்ட வந்துவிட்டன. கவனித்தவருக்கு அது சுவர்க்கமாக இருந்தது. கவனிக்காதவருக்கு மாட்டு வண்டியாக இருந்தது.

அந்த முதியவர் நான்கு கோளங்களையும் எங்கள் மொடலுக்கு உரிய அளவிலேயே போட்டார். பச்சை எண்ணெயையும் மாற்றினார். "இந்தப் பச்சை எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வேறு எண்ணெய் இறப்பரைத் தின்றுவிடும்" என்று நானாவை எச்சரித்தார். கூலியாக அவர் கேட்டது கல்யாணச் சாப்பாடு.

நிக்காஹ் நாளில் அதே வழியில் போனோம். கல் பதித்த தெருவில் உம்மா எதையும் சொல்லவில்லை. வளைவில் கார் கொஞ்சம் சாய்ந்து, நின்று, நேரானது. ரூவானில் இறங்கும்போது கேட்டோம், "எப்படி உம்மா?" "முதுகு கொஞ்சம் தெரியுது, வயிறு தெரியல்ல. அது போதும்" என்றார். இந்த விடையை விடச் சரியான அளவுகோல் எங்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

வாயு போன முன் கோளம் ஒன்றைத் துளையிட்டு, மிச்ச அமுக்கமும் இல்லை என்று பார்த்து, அறுத்துத் தந்தார் அந்த முதியவர். "உன் பிள்ளைகளுக்குக் காட்டு" என்றார். அதுதான் அலுமாரியில் இருப்பது.

இனி வேன் விடயம். எங்கள் ஊரில் பாடசாலை வேன்களுக்கு எண்ணெயும் இல்லை, கோளமும் இல்லை. சாதாரண ஸ்பிரிங்கும் ஷொக்கும்தான். ஆனால் கணக்கு அதே கணக்கு. சென்ற மாதம் ஒரு வேனின் பின் மூலையை அமுக்கி விட்டோம். மூன்று தரம் ஆடியது. சாரதித் தம்பி நல்ல பிள்ளை, நிதானமாக ஓட்டுகிறவர். "சேர், பிள்ளைகளுக்கு நல்ல மெத்தென்று இருக்கு எண்டு சொல்றாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஷொக் செத்த வேன் நேர் பாதையில் மெத்தென்றுதான் இருக்கும். மாடு ஒன்று குறுக்கே வரும்போதுதான் உண்மை தெரியும். இன்னொரு வேனில் பாரம் தாங்க மேலதிக ஸ்பிரிங் தட்டுகள் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் இறங்கிய பிறகு வெறும் வேன் பள்ளத்தில் துள்ளுகிறது. துள்ளும்போது பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டோம்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையை ஏற்றும்போது வேனின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரு தரம் எழுந்து நின்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக் மாற்றும் நேரம். சாரதியோடு சண்டை போட வேண்டாம். ஷொக் மலிவு இல்லை. ஒரு வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கொஞ்சம் கொடுத்தால் அவருக்கும் பாரமில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் சோடியாக மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கை அறுத்து வாகனத்தைத் தாழ்த்தும் தம்பிமாருக்கும் இதே வேண்டுகோள். அழகுக்காக அறுத்தது அவசரத்தில் திரும்பி வராது.

உம்மா 2014 இல் வபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. நானா அந்த பீ.எக்ஸ். காரை அதற்குப் பிறகும் சில வருடம் வைத்திருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் கோளங்களைச் சோதிப்பார். அதைவிட முக்கியமாக, புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் காரில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்பார். தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. உயரம் குறையாமல் நிற்கிறோம், கசிவது எங்களுக்குத் தெரிவதில்லை. புதிதாக வந்த ஒரு மாணவனோ, விருந்துக்கு வந்த ஒரு மாமியோ "இங்கே கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே" என்று சொன்னால் கோபப்படாமல் கேட்போம். உம்மா "மாட்டு வண்டி" என்று சொல்லியிராவிட்டால், அந்தக் காரில் என்ன குறை என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

உம்மாவுக்காக ஒரு துஆ செய்துகொள்ளுங்கள். வேன் மூலையை அமுக்கிப் பார்த்தவர்கள் எத்தனை தரம் ஆடியது என்று கீழே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.